நனையாத ஷூ

ஒரு விடுகதை போடுகிறேன், தம்பி. பஸ் மலை ஏறி முடிப்பதற்குள் விடை சொல்லுங்கள். மிதிக்க மிதிக்க உயிரோடு இருக்கும். மிதிப்பதை நிறுத்தினால் செத்துப்போகும். அது என்ன?

புல்லா? புல்லை மிதித்தால்தான் சாகும். தையல் மெஷினா? பரவாயில்லை, யோசிக்கிறீர்கள். ஆனால் அது சாகாது, துருப்பிடிக்கும், எண்ணெய் விட்டால் எழுந்துகொள்ளும். சரி, நானே சொல்கிறேன். பாதை. மலைப்பாதை. ஒரு மழைக்காலம் ஆள் நடக்காமல் விட்டுப் பாருங்கள், உண்ணிச்செடி இரண்டு பக்கமிருந்தும் வந்து கை கோத்துக்கொள்ளும். அடுத்த வருஷம் அங்கே வழி இருந்தது என்று சத்தியம் பண்ணினாலும் யாரும் நம்ப மாட்டார்கள். அதனால்தான் நான் எல்லோரிடமும் சொல்வேன்: மிதியுங்கள், நன்றாக மிதியுங்கள். பிள்ளைகளும் அப்படித்தான் என்பது என் அபிப்பிராயம்.

கண்டக்டரிடம் நீங்கள் கேட்டது என் காதில் விழுந்தது. வெள்ளியோடையில் ஜெயசீலி அக்கா என்று ஒருவர் இருக்கிறாராம், முகில்வழிக்குக் கூட்டிக்கொண்டு போவாராம், அவரை எங்கே பார்க்கலாம் என்று கேட்டீர்கள். கண்டக்டர் என்னைக் கை காட்டிவிட்டுப் போய்விட்டார். ஏனென்றால் முகில்வழி நண்பர்கள் சங்கத்தின் செயலாளர் நான்தான். தவமணி. பையைக் காலடியில் வைத்துக்கொள்ளுங்கள், வளைவில் உருளும்.

ஜெயசீலி இப்போது சங்கத்தில் இல்லை. ஏன் இல்லை என்று கேட்டால் வெள்ளியோடையில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். டீக்கடையில் ஒன்று, சர்ச் பக்கம் ஒன்று. என் கூடப்பிறந்த தங்கை சுந்தரவல்லியே என் முகத்தைப் பார்த்துப் பேசுவதை நிறுத்திவிட்டாள், என் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டே. ஆகவே நடந்ததை நடந்தபடி என்னிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு யார் மேலும் கோபம் கிடையாது.

முகில்வழி எங்கள் ஊரில் தொடங்குகிறது. முகட்டோடு முகடாகப் போய், காடு, புல்வெளி, கைவிட்ட ஏலத்தோட்டம் எல்லாம் தாண்டி, உச்சிவாகையில் முடிகிறது. அந்தக் காலத்தில் கழுதைகள் ஏலக்காய் மூட்டை சுமந்து போன வழி. பெரிய ஆட்களுக்கே ஒரு வாரத்துக்கு மேல் பிடிக்கும். அதைத் திரும்பத் திறக்க வேண்டும் என்ற யோசனை என்னுடையது. திறந்தது தன்னார்வலர்கள். சனி ஞாயிறு ஆனால் தேனியிலிருந்தும் மதுரையிலிருந்தும் வருவார்கள். உண்ணிச்செடியை வேரோடு பிடுங்க வேண்டும், சும்மா வெட்டினால் இரண்டு மடங்காக வரும். மழைத்தண்ணீர் பாதையோடு ஓடினால் பாதையே ஓடையாகிவிடும், அதனால் குறுக்கே சாய்வாகக் கல் பதித்துத் தண்ணீரைப் பள்ளத்துப் பக்கம் திருப்ப வேண்டும். பாறையில் மஞ்சள் பட்டை அடிக்க வேண்டும். ஒரு பட்டையில் நின்று பார்த்தால் அடுத்த பட்டை கண்ணில் பட வேண்டும். காலில் அட்டை ஏறும், கையில் கொப்புளம் வரும், கூலி கிடையாது. நான் கீழே இருந்து ஒருங்கிணைப்பேன். யாராவது ஒருவர் ஒருங்கிணைக்க வேண்டுமே. வருகிறவர்கள் எல்லோரும் என் லாட்ஜில்தான் தங்குவார்கள். லாட்ஜுக்கும் பாதைக்கும் சம்பந்தம் கிடையாது. பாதை தொடங்கும் இடத்தில் லாட்ஜ் இருக்கிறது, அவ்வளவுதான். வெந்நீர் உண்டு. நீங்களும் அங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

ஜெயசீலி தேனியில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிறவள். ஊசி குத்திப் பழகிய கை, ஆடாது. மஞ்சள் பட்டையில் பாதி அவள் அடித்ததுதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். எனக்கு மறைக்கத் தெரியாது. சனிக்கிழமை வேலை முடிந்த கையோடு அரிவாளைச் சாக்கில் சுற்றிக்கொண்டு கடைசி பஸ்ஸில் ஏறி வந்துவிடுவாள். கூட வருகிறவர்கள் எல்லோருக்கும் அவள் 'அக்கா'. அவள் சொன்னால் மதுரைப் பையன்கள் பாறாங்கல்லைக்கூடப் புரட்டுவார்கள். நான் சொன்னால் கேட்க மாட்டார்களா என்றால், கேட்பார்கள். ஆனால் அவளை ஒருமுறை பார்த்துக்கொண்டு கேட்பார்கள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதே இல்லை.

இப்போது எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கதை புரியாது. வெள்ளியோடையில் நடக்கத் தொடங்கும்போது ஓடையிலிருந்து ஒரு கூழாங்கல் எடுத்துக்கொள்வோம். உச்சிவாகை மேட்டில் ஒரு கல் குவியல் இருக்கிறது. அங்கே போய்க் கல்லை வைத்து, 'முழு வழியும் என் காலால் நடந்தேன்' என்று சொல்ல வேண்டும். வழியில் வண்டி ஏறியிருந்தாலோ, ஒருவர் முதுகில் ஏறியிருந்தாலோ கல் வைக்க முடியாது. பத்தடி தூரம் என்றாலும் முடியாது. நான்தான் அந்த விதியைக் கொண்டுவந்தேன். குவியலின் அடிக்கல் என்னுடையது. எனக்கு மூட்டு வலி. ஜீப்பில் போய்த்தான் வைத்தேன். அடிக்கல் வைக்கிறவர் நடக்க வேண்டும் என்று எந்த ஊரிலும் விதி கிடையாதே. கிஷோர் என்று ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன், "சார், ஜீப்புக்கும் ஒரு கல் வெச்சிருவோம், அதுதான் அதிகத் தடவை வந்திருக்கு" என்பான். நல்ல நகைச்சுவை உணர்வு உள்ளவன். அவனும் இப்போது வருவதில்லை.

ஒரு தடவை மதுரையிலிருந்து பல் டாக்டர் ஒருவர் நடந்தார். கனத்த உடம்பு. நாக்குத் தள்ளி நடந்து உச்சிவாகை மேட்டுக்குக் கீழே வந்துவிட்டார். குவியல் கண்ணில் தெரிகிறது. அந்த நேரம் பார்த்துப் பையன்கள் குஷியில் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார்கள். அவர் "இறக்கி விடுங்கடா, இறக்கி விடுங்கடா" என்று கத்தியிருக்கிறார். மேட்டுக்கு வந்ததும் நான் கல் வைக்கக் கூடாது என்றேன். விதி விதிதானே. அந்த மனிதர் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார். அன்றைக்கு ஜெயசீலிதான் சண்டை போட்டு ஒரு திருத்தம் கொண்டுவந்தாள்: நடக்கிறவர் கேட்காமல் இன்னொருவர் தூக்கினால் குற்றம் நடக்கிறவர் மேல் இல்லை, அவர் கல் வைக்கலாம் என்று. சரி என்றேன். கூடவே நானும் ஒரு வரி சேர்த்தேன். அப்படித் தூக்குகிறவர் அந்த நிமிஷமே சங்கத்தை விட்டு வெளியேற வேண்டும். எல்லோரும் கை தூக்கினார்கள். ஜெயசீலியும்தான்.

இது புரிந்தால் போதும். மற்றது எளிது.

போன கோடை லீவுக்கு முன்னால் சென்னையிலிருந்து ஒரு சுற்றுலா கம்பெனி அம்மா வந்தார். பாதை அழகாக இருக்கிறது, ஆனால் குடும்பங்கள் பயப்படுகின்றன, குழந்தை குட்டியோடு நடக்க முடியுமா என்று கேட்கிறார்கள் என்றார். நடக்க முடியும் என்று வாயால் சொல்வதைவிட ஒரு குழந்தையை நடக்க வைத்துக் காட்டுவது மேல் இல்லையா? எனக்கு அப்போதே தர்ஷிகா ஞாபகம் வந்துவிட்டது.

தர்ஷிகா என் தங்கை மகள். நாலாம் வகுப்பு. தங்கை புருஷன் சுதாகர் திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போனவன், அங்கேயே வேறொரு குடும்பம் வைத்துக்கொண்டான். தங்கை பிள்ளையோடு என்னிடம் வந்துவிட்டாள். லாட்ஜில் சமையல் அவள்தான். நான் அவளை வேலைக்காரி மாதிரி நடத்தியதே கிடையாது. வேலைக்காரி என்றால் சம்பளம் கொடுத்திருப்பேனே.

"அண்ணே, அவ சின்னப் பிள்ளைண்ணே. அம்புட்டுத் தூரம் எப்படிண்ணே நடப்பா?" என்றாள் தங்கை.

"உனக்கு இஷ்டமில்லைன்னா சொல்லிரும்மா. நான் வேற ஏற்பாடு பண்ணிக்கிறேன். எல்லாத்துக்கும்" என்றேன்.

நான் கட்டாயப்படுத்தவில்லை, கவனியுங்கள். அவள் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அதைச் சம்மதம் என்றுதானே எடுத்துக்கொள்ள முடியும்.

பிள்ளை முதலில் மாட்டேன் என்றது. நான் மடியில் உட்கார வைத்துக்கொண்டு சொன்னேன். "பாப்பா, முழு வழியும் நடந்த முதல் குழந்தைன்னு உன் படம் பேப்பர்ல வரும். பேப்பரை யாரெல்லாம் பார்ப்பாங்க?"

"மிஸ் பார்ப்பாங்க."

"அப்புறம்?"

"ஹெட்மிஸ்."

"திருப்பூர்ல யார் இருக்கா?"

பிள்ளை மடியிலிருந்து இறங்கி நின்றுகொண்டது. "அப்பா பார்ப்பாங்களா?"

"படம் வந்தா பார்ப்பான்ல."

"பார்த்துட்டு வருவாங்களா மாமா?"

"ஏன் வரமாட்டான்?" என்றேன்.

நன்றாகக் கவனியுங்கள், தம்பி. வருவான் என்று நான் சொல்லவில்லை. ஏன் வரமாட்டான் என்று கேட்டேன். அது கேள்வி. கேள்வி எப்படிப் பொய்யாகும்? அப்புறம் கிஷோர் என்னிடம், "சார், அது மாவட்டப் பக்கத்துல வர்ற செய்தி. தேனியில மட்டும்தான் வரும். திருப்பூர்ல அந்தப் பக்கமே இருக்காது" என்றான். இருக்கலாம். ஒரு குழந்தையிடம் போய் அந்த விவரமெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா?

அன்றிலிருந்து அந்தப் பிள்ளையைப் பார்க்க வேண்டுமே. லாட்ஜ் மாடிப்படியில் ஏறி இறங்கும், ஏறி இறங்கும். தங்கை கூப்பிட்டால்கூட நிற்காது. நான் சங்கத்துச் செலவில் மஞ்சள் நிறத்தில் ஷூ வாங்கிக் கொடுத்தேன், நம் பட்டையின் நிறம். வளரும் பிள்ளை என்று ஒரு அளவு பெரிதாகவே வாங்கினேன். நாளைக்கும் ஆகுமே.

ஜெயசீலிக்கு ஆரம்பத்திலிருந்தே முகம் சரியில்லை. "சார், நடக்கட்டும். பிடிச்ச வரைக்கும் நடக்கட்டும். முடியலைன்னா நிறுத்திரலாம். சின்னப் பிள்ளைக்கு எதுக்கு முழு வழி?" என்றாள்.

"பாதி நடந்தா அது செய்தியா ஜெயசீலி?"

"செய்திக்கா சார் பிள்ளை நடக்குது?"

"அப்ப நீ கூடப் போக வேண்டாம். வேற ஆள் போடுறேன்" என்றேன். கடைசியில் பிள்ளையோடு அவள்தான் போனாள். கிஷோரும் இன்னும் இரண்டு மதுரைப் பையன்களும் போனார்கள். நான் ரோடு குறுக்கிடும் இடங்களில் எல்லாம் ஜீப்பில் போய்க் காத்திருப்பேன், பேனரோடு. பிள்ளை காட்டுக்குள்ளிருந்து வெளியே வரும்போது படம் எடுப்பேன். சில நாள் வெளிச்சம் சரியில்லாமல் திரும்ப உள்ளே போய்விட்டு வரச் சொல்வேன். போய்விட்டு வரும். கெட்டிக்காரப் பிள்ளை.

முதல் இரண்டு மூன்று நாள் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தது. அப்புறம் பாட்டு நின்றுவிட்டது. ஷூ பெரிதாக இருந்ததால் குதிகால் உரசிவிட்டதாம். ஜெயசீலி மருந்து போட்டுக் கட்டு கட்டியிருந்தாள், ஷூவுக்குள் துணி திணித்திருந்தாள். கட்டை விரல் நகம் கறுத்துவிட்டது. "சார், நகம் விழப்போகுது. ஒரு நாளாவது உக்கார வைக்கணும்" என்றாள். உச்சிவாகைக்கு நிருபர் வருகிற தேதி சொல்லியாகிவிட்டது, சென்னை அம்மா ரயிலுக்குச் சீட்டு எடுத்தாகிவிட்டது. நகம் திரும்ப முளைக்கும், தேதி முளைக்குமா? பிள்ளையையே கேட்டேன். "உக்காந்துக்கிறியா பாப்பா? உக்காந்தா படம் வராது, பரவால்லையா?"

பிள்ளை ஷூவை மாட்டிக்கொண்டது. நான் சொல்லவில்லை. அதுவாகவே மாட்டிக்கொண்டது.

அன்றைக்கு ஜெயசீலி என்னை ஜீப்புக்குப் பின்னால் கூப்பிட்டாள். "சார், பிள்ளை ஏன் இப்படி நடக்குதுன்னு இப்பத்தான் தெரிஞ்சுது. அப்பா உச்சிவாகையில வந்து நிப்பாருன்னு சொல்லுது. யார் சார் சொன்னது?"

"நான் அப்படிச் சொல்லலையே. அதுவா கற்பனை பண்ணிக்கிட்டா நான் என்ன செய்ய?"

"வரமாட்டாருன்னு நீங்க சொல்லியிருக்கலாம்ல."

"குழந்தை மனசை உடைக்கச் சொல்றியா? எனக்கு அந்தக் கல்நெஞ்சு கிடையாதும்மா" என்றேன்.

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

கடைசி நாள். உச்சிவாகைக்குக் கொஞ்சம் கீழே ஒரு ஓடை வரும். கோடை மழை பெய்திருந்ததால் முழங்கால் அளவு தண்ணீர். ஓடையைத் தாண்டிக் கல்படி ஏறினால் ரோடு, ரோட்டைத் தாண்டினால் மேடு. அந்தக் கல்படி ஜெயசீலியும் பையன்களும் அடுக்கியது. நன்றாகத்தான் அடுக்கியிருக்கிறார்கள், சரியவே இல்லை. நான் மேட்டில் பந்தல் போட்டு நாற்காலி போட்டு வைத்திருந்தேன். நிருபர் வந்துவிட்டார். சென்னை அம்மா இரண்டு கேமரா ஆட்களோடு வந்துவிட்டார். தங்கையையும் ஜீப்பில் கூட்டி வந்திருந்தேன், புதுப் புடவை கட்டச் சொல்லி. தாயும் படத்தில் இருந்தால் நன்றாக இருக்கும் அல்லவா?

படி ஏறி வந்தார்கள். கிஷோர் முன்னால், பையன்கள் பின்னால், ஜெயசீலி நடுவில். பிள்ளை அவள் கையைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்தது. வந்ததும் பந்தலைப் பார்த்தது. நாற்காலி ஒவ்வொன்றையும் பார்த்தது. ஜீப்பைப் பார்த்தது. அப்புறம் ரோட்டைப் பார்த்தது. கைதட்டினோம். அதன் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை.

நிருபர் நல்ல மனிதர், வேடிக்கையாகப் பேசுகிறவர். குனிந்து பிள்ளையிடம் கேட்டார். "எல்லார் ஷூவும் சொதசொதன்னு இருக்கு. உன் ஷூ மட்டும் காய்ஞ்சிருக்கே. நீ ஓடையைப் பறந்து தாண்டுனியா பாப்பா?"

நானும் பார்த்திருந்தேன், தம்பி. படி ஏறும்போதே பார்த்துவிட்டேன். நல்ல காரியம் நடக்கிற நாளில் எதற்கு என்று சும்மா இருந்தேன். ஆனால் நாலு பேர் முன்னால் கேள்வி வந்துவிட்ட பிறகு விதியை விட முடியுமா? சென்னை அம்மாவின் கேமரா ஆள் கேமராவை இறக்கிவிட்டான்.

"நான்தான் தூக்கிட்டு வந்தேன்" என்றாள் ஜெயசீலி. கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல்.

"அப்ப முழுசா நடக்கலையா?" என்றார் நிருபர். பேனாவை மூடப் போனார்.

"ஒரு நிமிஷம் சார்" என்று நான் அவரை நிறுத்தினேன். எனக்கு மட்டும் அந்த நேரத்தில் திருத்தம் ஞாபகம் வராமல் போயிருந்தால் எல்லாம் அன்றோடு முடிந்திருக்கும். நிருபருக்கு விளக்கினேன். பிள்ளை கேட்டு ஜெயசீலி தூக்கியிருந்தால் கல் கிடையாது. கேட்காமல் அவளாகத் தூக்கியிருந்தால் பிள்ளை மேல் தப்பில்லை, கல் வைக்கலாம், முழு வழி நடந்ததாகவே கணக்கு. தூக்கியவர் வெளியேற வேண்டியதுதான். நிருபர், "சுவாரசியமா இருக்கே" என்று பேனாவைத் திரும்பத் திறந்தார்.

"என்ன ஜெயசீலி, பிள்ளை கேட்டாளா, நீயாத் தூக்குனியா?" என்றேன்.

"கல்லே வேண்டாம் சார். விடுங்க. பிள்ளை காலைப் பாருங்க, ரத்தம் கட்டை மீறி வருது."

"கேட்டதுக்குப் பதில் சொல்லும்மா."

அப்போது அவள் சொன்னாள், எல்லோர் முன்னாலும். பிள்ளையின் அப்பன் நம்பரைத் தங்கையிடம் வாங்கி இவள் போன் பண்ணியிருக்கிறாள். எவ்வளவு தைரியம் பாருங்கள், என் குடும்ப விஷயம். அவன் வரமாட்டேன், இனிமேல் கூப்பிடாதே என்று வைத்துவிட்டானாம். இதை இவள் ஓடைக்கரையில் உட்கார வைத்துப் பிள்ளையிடம் சொல்லியிருக்கிறாள். "பொய்யை நம்பி அங்க போய் நின்னு ஏமாறக் கூடாதுன்னு சொன்னேன் சார். சொன்னதும் எந்திரிக்கவே இல்லை. அப்புறம் 'தூக்குங்கக்கா'ன்னா. தூக்குனேன்" என்றாள்.

நீங்களே சொல்லுங்கள், தம்பி. ஒரு பச்சைப் பிள்ளையிடம், உன் அப்பன் வரமாட்டான் என்று முகத்துக்கு நேரே சொல்கிறவள் எப்படிப்பட்டவளாக இருக்க வேண்டும்? நான் இத்தனை நாள் அதைச் சொல்லாமல் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். ஒரு நிமிஷத்தில் போட்டு உடைத்துவிட்டாள். தங்கை பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். புதுப் புடவையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நிருபர் தலையைக் குனிந்துகொண்டு, "இதையெல்லாம் நான் எழுதலைங்க" என்றார்.

நான் நிதானம் இழக்கவில்லை. ஜெயசீலி சொல்வது ஒரு தரப்பு. நடந்தவள் தரப்பையும் கேட்க வேண்டும், அதுதான் முறை. மூட்டு வலியோடு மண்ணில் மண்டியிட்டேன், பிள்ளை உயரத்துக்கு.

"பாப்பா, உங்கப்பா இங்க வர்றதாச் சொன்னாரா? சொல்லலை. படம் பார்த்தாத்தானே அவருக்குத் தெரியும்? படமே இன்னும் வரலையே. போன்ல யாரோ தெரியாத பொம்பளை கேட்டா யாரும் வரமாட்டேன்னுதான் சொல்லுவாங்க. மகள் படத்தைப் பார்த்தா?"

பிள்ளை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"சார், போதும் சார்" என்றான் கிஷோர்.

"நீ சும்மா இருப்பா. பாப்பா, மாமா உன்கிட்ட ஒன்னுதான் கேக்குறேன். ஓடையில நீ தூக்கச் சொன்னியா? இல்லை, நீ வேண்டாங்கிறப்ப அக்காவாத் தூக்குனாங்களா? தூக்கச் சொன்னேன்னா பரவால்ல, கல்லைக் கீழே போட்டுட்டு ஜீப்ல ஏறிக்க. படம் வராது, அவ்வளவுதான்."

இதில் என்ன தப்பு இருக்கிறது, சொல்லுங்கள். இரண்டு வழியையும் திறந்துதானே வைத்தேன்.

ஜெயசீலியும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "என்னைச் சங்கத்துல இருந்து எடுத்துடுங்க சார், பரவால்ல. நானே போயிடுறேன். பிள்ளையைப் பொய் சொல்ல வைக்காதீங்க" என்றாள் என்னிடம். அப்புறம் பிள்ளையிடம் கையை நீட்டினாள். "தர்ஷி, உள்ளதைச் சொல்லும்மா. யாரும் திட்ட மாட்டாங்க. வா, அக்கா கூட வா. கால்ல தண்ணி ஊத்தி மருந்து போடுவோம். அம்மாவும் வரட்டும்."

என்ன நம்பிக்கை அவளுக்கு. பிள்ளை வந்துவிடும் என்று சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. கேமரா ஆளுக்கு மட்டும் சைகை காட்டினேன், தயாராக இருக்கச் சொல்லி.

தர்ஷிகா அந்தக் கையைப் பார்த்தாள். ரோட்டை இன்னொரு தடவை பார்த்தாள். சட்டைப் பையிலிருந்து கல்லை எடுத்தாள்.

"நான் கேக்கவே இல்ல மாமா. வேணாம் வேணாம்னு அழுதேன். அக்காதான் தூக்குனாங்க" என்றாள்.

போய்க் கல்லைக் குவியலில் வைத்தாள்.